காரமடை வழி ரயிலும் சீசன் சீட்டும்

கோயம்புத்தூர் – மேட்டுப்பாளையம் ரயில் பாதையில் மேட்டுப்பாளையத்துக்கு முந்தைய நிலையம் காரமடை. அரங்கநாதர் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர் 2021இல் நகராட்சி ஆனது. இங்கிருந்து நாள்தோறும் கோவைக்கு வேலைக்கும் படிப்புக்கும் செல்வோர் கையில் வைத்திருப்பது மாதாந்திரப் பயணச்சீட்டு. பேச்சு வழக்கில் அது ‘சீசன் டிக்கெட்’, அல்லது வெறும் ‘சீசன்’. ‘பாஸ்’ என்றால் பெரும்பாலும் பேருந்துப் பாஸையோ ரயில்வே ஊழியரின் இலவசப் பாஸையோ குறிக்கும்.

ஒரு வட்டாரத்தின் ரயில்களில் விருப்பம்போல் ஏறி இறங்கி ஊர்களைப் பார்ப்பதற்கான சுற்றுலாப் பாஸ் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பல பத்தாண்டுகளாக உள்ளது. கொங்கு நாட்டுக்கென அப்படி ஒன்று வந்ததில்லை. அந்த இடத்தைப் பாதி நிரப்பியது இந்தச் சீசன் சீட்டுதான். வேலைக்குப் போகவென்று கொடுக்கப்பட்ட சீட்டு நகரத்தைச் சுற்றிப் பார்க்கவும் பயன்பட்டது. அது யாருக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதையும், யாரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனது என்பதையும் இக்கட்டுரை பேசுகிறது.

பாதை வந்த விதம்

சென்னை இராயபுரத்தில் 1856இல் தொடங்கிய மெட்ராஸ் ரயில்வேயின் தடம் 1862இல் சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூருடன் இணைந்தது. அந்த முதன்மைத் தடத்தில் அன்று பெரிய நிலையம் போத்தனூரே. கோவை நகரம் தடத்துக்குச் சற்று விலகி நின்றது. போத்தனூரிலிருந்து கோவை, காரமடை வழியாக மேட்டுப்பாளையம் வரை கிளைப்பாதை 1873இல் திறக்கப்பட்டது.

கோவையின் பஞ்சாலைகள் அப்போது இன்னும் பிறக்கவில்லை. ஸ்டேன்ஸ் ஆலை என்று பின்னாளில் அறியப்பட்ட முதல் நூற்பாலை 1888இல்தான் தொடங்கியது. ஆகவே இந்தக் கிளைப்பாதை ஆலைத் தொழிலாளிக்காகப் போடப்பட்டதல்ல. மெட்ராஸ் அரசு 1870 முதல் உதகமண்டலத்தைத் தன் கோடைத் தலைநகராக வைத்துக்கொண்டிருந்தது. கவர்னரும் அதிகாரிகளும் அவர்களின் குடும்பங்களும் கோடையில் மலைக்கு ஏற வேண்டும். மலையின் காப்பியும் தேயிலையும் கீழே இறங்க வேண்டும். அதற்காக மலையடிவாரம் வரை ரயில் வந்தது. மேட்டுப்பாளையத்தில் இறங்கியவர்கள் அதற்கு மேல் குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும் ஏறிப் போனார்கள். பல்சக்கர மலை ரயில் குன்னூரை எட்டியது 1899இல், உதகையை எட்டியது 1908இல். மலை ரயில் மீட்டர் பாதை. கீழே உள்ளது அகலப் பாதை. மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறியே ஆக வேண்டும் என்ற நிலை அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

தடம் போட்ட காலத்தைப் பற்றிக் காரமடையில் ஒரு கதை சொல்வார்கள். வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் கோயிலை ஒட்டித் தண்டவாளம் போடத் திட்டமிட்டாராம். அன்றிரவு அரங்கநாதர் வெள்ளைக் குதிரையில் வந்து அவரை எச்சரித்தாராம். மறுநாளே தடத்தை விலக்கிக் கொண்ட எஞ்சினியர், கோயிலுக்கு மரத்தாலான குதிரை வாகனமும் செய்து கொடுத்தாராம். இதை வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ரயில் தங்கள் ஊருக்குள் எப்படி நுழைந்தது என்பதை ஊரார் நினைவில் வைத்துக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. கோயிலுக்கும் நிலையத்துக்கும் நடந்தே போய்விடலாம். மாசி மகத் தேர்த்திருவிழாவுக்கு வரும் கூட்டத்தின் ஒரு பகுதி அன்றிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறது.

பாதையின் நிர்வாகம் பலமுறை கைமாறியது. 1908இல் மெட்ராஸ் ரயில்வேயின் இப்பகுதி தென்னிந்திய ரயில்வேயிடம் சென்றது. 1951இல் தெற்கு ரயில்வே உருவானது. நெடுங்காலம் பாலக்காடு கோட்டத்தில் இருந்த கோவைப் பகுதி, 2007 நவம்பரில் உருவான சேலம் கோட்டத்துக்கு மாறியது. காரமடைப் பயணிக்கு இவற்றால் வண்டியின் நேரத்திலும் நிறுத்தத்திலும் ஏற்பட்ட மாற்றங்களே முக்கியம். மற்றவை அலுவலகச் செய்திகள்.

ஒரு சொல், இரண்டு பொருள்

இந்தப் பாதையில் ‘சீசன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று ஊட்டி சீசன். ஏப்ரல், மே மாதங்களில் வெளியூர்க் கூட்டம் மலைக்குப் போகும் காலம். மற்றொன்று சீசன் டிக்கெட். “சீசன் கூட்டம்” என்று காரமடை நடைமேடையில் யாராவது சொன்னால், எந்தச் சீசனைச் சொல்கிறார் என்பதைக் காலையா மே மாதமா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உண்மையில் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இங்கிலாந்தின் தென்கிழக்கில் கேன்டர்பரி நகரையும் விட்ஸ்டபிள் கடற்கரையையும் இணைத்த சிறு ரயில்பாதை 1830இல் திறக்கப்பட்டது. அந்தக் கம்பெனி 1834ஆம் ஆண்டின் கோடைக்கென்று ஒரு சீட்டு விற்றது. உள்ளூர் மக்கள் கடலில் குளிக்க எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். உலகின் முதல் சீசன் சீட்டு என்று ரயில் வரலாற்றில் குறிக்கப்படுவது இதுவே. கடற்குளியல் ‘பருவம்’ முழுவதும் செல்லும் என்பதால் அது சீசன் சீட்டு. வேலைக்குப் போவோர் அதை எடுத்துக்கொண்டது பிறகு. இலண்டன் போன்ற நகரங்கள் விரிந்து, வீடு ஓரிடமும் வேலை ஓரிடமும் என்றான பின், பருவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத மாதச் சீட்டுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரோடுதான் அது இந்தியாவுக்கு வந்தது.

ஆகவே சீசன் சீட்டை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது விதியை வளைக்கும் தந்திரம் அல்ல. அது பிறந்த காரணமே அதுதான்.

விதியும் கணக்கும்

இந்திய ரயில்வேயின் சீசன் சீட்டு இரு நிலையங்களுக்கு இடையே வழங்கப்படுவது. அதிகபட்சத் தூரம் 150 கிலோமீட்டர். ஒரு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ எடுக்கலாம். குறிப்பிட்ட இரு நிலையங்களுக்கும் இடையே உள்ள நிறுத்தங்களில் ஏறலாம், இறங்கலாம். எத்தனை முறை என்ற கணக்கு இல்லை. முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது. அதிவேக வண்டிக்கு மேல்கட்டணம் கட்ட வேண்டும். ஒருவர் பெயரில் எடுத்ததை மற்றொருவர் பயன்படுத்த முடியாது. அடையாள அட்டை உடன் இருக்க வேண்டும். பயன்படுத்தாத நாட்களுக்குப் பணம் திரும்பாது.

விலை நிர்ணயத்தின் அடிப்படை எளியது. ஒரு மாதச் சீட்டின் விலை ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணம். மூன்று மாதச் சீட்டின் விலை மாதச் சீட்டைப் போல 2.7 மடங்கு. மாதத்தில் 25 நாள் வேலைக்குப் போய்வருபவர் 50 ஒற்றைப் பயணம் செய்கிறார். அவர் கட்டுவது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சப் பயணங்களை ரயில்வே தன் நட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. 2014 ஜூன் மாதத்தில் இதை 30 ஒற்றைப் பயணங்களின் கட்டணமாக உயர்த்தப்போவதாக ரயில்வே அறிவித்தது. அதாவது சீசன் விலை ஏறத்தாழ இரட்டிப்பாகும். மும்பையில் எழுந்த எதிர்ப்பின் சூட்டில் சில நாட்களிலேயே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. 15 என்ற கணக்கே நீடித்தது.

இதைச் சுற்றிப் பார்ப்பவரின் பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தால் விடை வேறு. காரமடை – கோவை பயணம் குறைந்தபட்சக் கட்டணத்துக்குள் அடங்குவது. சாதாரண வண்டியில் 10 ரூபாய். போய்வர 20. மாதத்தில் எட்டு முறைக்கு மேல், விலைப் படிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்பது பத்து முறை, போய்வந்தால்தான் சீசன் எடுத்தது இலாபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோவையைப் பார்க்கப் போகிறவர் சீசன் எடுக்கக் கூடாது. கவுண்டரில் சாதாரணச் சீட்டு வாங்குவதே சிக்கனம். சுற்றிப் பார்ப்பதற்கென்றே எடுக்கப்படும் சீசன் பெரும்பாலும் நட்டம்தான். ஏற்கெனவே வேலைக்கோ கல்லூரிக்கோ எடுத்தது கையில் இருக்கும்போது, அதே சீட்டில் மேலும் ஒரு பயணம் போவதற்கு ஒரு பைசாவும் ஆகாது. சேமிப்பு முழுவதும் அந்த மேலதிகப் பயணத்தில்தான் இருக்கிறது.

அந்தச் சீட்டில் எட்டக்கூடிய நகரம்

சீசன் வைத்திருப்பவருக்குக் கோவை இரண்டு நிலையங்களாக விரிகிறது: வடகோவை, கோவை சந்திப்பு.

வடகோவையில் இறங்கினால் தடாகம் சாலை, கௌலி பிரவுன் சாலைப் பக்கம் காஸ் வன அருங்காட்சியகம். வனப் பாதுகாவலராக இருந்த காஸ் என்ற ஆங்கிலேயரின் முயற்சியில் 1902இல் திறக்கப்பட்டது. பாடம் செய்யப்பட்ட காட்டு விலங்குகள், மரத் துண்டுகள், வனத் தொழிலுக்கான பழைய கருவிகள். இந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளில் பலரும் தம் வாழ்நாளில் பார்த்த முதல் அருங்காட்சியகம் இதுவாகத்தான் இருக்கும். அதற்கு அப்பால் லாலி சாலையில் வேளாண் பல்கலைக்கழகமும் அதன் தாவரவியல் பூங்காவும். சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கோவைக்கு மாற்றப்பட்டது. 1971இல் பல்கலைக்கழகம் ஆனது. காரமடைப் பக்கத்து விவசாயிக்கு இது சுற்றுலா இடமும் ஆகும், விதை வாங்கும் இடமும் ஆகும்.

கோவை சந்திப்பில் இறங்குபவர் கால்நடையாகவே பழைய நகரத்தைப் பார்க்கலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்து சற்று நடந்தால் வெரைட்டி ஹால் ரோடு. அந்தப் பெயர் ஒரு சினிமாக் கொட்டகையின் பெயர். கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் எழுத்தராக இருந்தவர். 1905இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச் சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பிறகு 1914இல் கோவையில் நிலையான கொட்டகையாக வெரைட்டி ஹாலைக் கட்டினார். பின்னாளில் அது டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறியது. ரயில் வேலையை விட்ட ஒருவர் ரயில் நிலையத்துக்கு எட்டும் தூரத்தில் கொட்டகையைக் கட்டியது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் மாலை வண்டியில் வந்து படம் பார்த்துத் திரும்பும் பழக்கத்துக்கு இந்த நெருக்கம் உதவியிருக்க வேண்டும். இவ்வட்டாரத்தில் ‘கோயம்புத்தூர் பார்க்கப் போறது’ என்பதில் சினிமா எப்போதும் ஒரு பாதி.

இன்னும் சற்று நடந்தால் 1892இல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா டவுன் ஹால், கோனியம்மன் கோயில், ஒப்பணக்கார வீதி. தீபாவளித் துணிக்கு ஒப்பணக்கார வீதி என்பது கொங்கு நாட்டுக் குடும்பங்களின் நெடுநாள் பழக்கம்; அதுவும் ஊர் பார்ப்பதில் சேர்த்தியே. பேரூர் பட்டீசுவரர் கோயிலும் மருதமலையும் ரயிலுக்கு எட்டாதவை. அங்கே போக நகரப் பேருந்துதான். சீசன் சீட்டின் பெரிய குறை இதுவே: நிலையத்தோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ரயிலில் மிச்சம் பிடித்த இருபது ரூபாய், நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் ஒரே நொடியில் பல மடங்காகக் கையைவிட்டுப் போய்விடும். நடக்கத் தயாராக இருப்பவருக்கே சேமிப்பு நிற்கும்.

எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. கோவையில் தங்கிச் சீசனில் மேட்டுப்பாளையம் பக்கம் வேலைக்குப் போவோர் வழியில் பெரியநாயக்கன்பாளையத்தையும் காரமடையையும் பார்க்கிறார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இருக்கிறது. காரமடைக் கோயிலில் பெருமாள் கோயில்களுக்குரிய சடாரிக்குப் பதிலாக இராமபாணத்தால் ஆசி வழங்குவது தனி வழக்கம். மாசித் தேரின்போது தாசர்களின் தண்ணீர் சேவையும் பந்த சேவையும் பார்ப்பதற்கென்றே கோவையிலிருந்து வருவோர் பலர்.

மலை ரயிலுக்குச் சீசன் உதவாது. அங்கே கதை வேறு. மேட்டுப்பாளையம் – உதகை வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டிக் கட்டணம் நெடுங்காலம் 15 ரூபாயாகவே இருந்து, 2018 அக்டோபரில் 75 ரூபாயானது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, அந்த வண்டி வெளியூர்ப் பயணிகளின் வண்டியாகிவிட்டது. அடிவாரத்து ஊர்க்காரர்களில் அதில் ஒருமுறையும் ஏறாதவர்கள் இருக்கிறார்கள். கண்ணெதிரே ஓடும் வண்டி. ஆனால் அது ‘அந்த’ சீசனின் வண்டி.

வீட்டில் யாரிடம் சீசன் இருந்தது

சீசன் சீட்டு ஆள் பெயரில் வருவது என்று மேலே சொன்னோம். இந்த ஒரு விதிக்குள் ஒரு சமூக வரலாறே அடங்கியிருக்கிறது.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியபின் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. பிறகு பம்ப் செட், பட்டறை, வார்ப்படத் தொழில் என்று வளர்ந்தது. சுற்றுவட்ட ஊர்களிலிருந்து வேலைக்குப் போன முதல் தலைமுறையில், ரயிலில் நகரத்துக்குப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சீசன் அவர்கள் பெயரில் இருந்தது. வேலை முடிந்து ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் வந்தால் இடையில் ஓர் ஊர்வலமோ ஒரு படமோ ஒரு பொதுக்கூட்டமோ பார்க்கலாம், கூடுதல் செலவில்லை. மனைவியும் பிள்ளைகளும் நகரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆளுக்கொரு சீட்டு வாங்க வேண்டும். ஆகவே குடும்பம் நகரத்தைப் பார்த்தது ஆண்டுக்கு ஓரிரு முறை. தீபாவளிக்குத் துணி எடுக்க, கண் டாக்டரிடம் காட்ட, உறவுக்காரர் கல்யாணத்துக்கு. அப்பாவுக்குத் தெரிந்த கோயம்புத்தூரும் அம்மாவுக்குத் தெரிந்த கோயம்புத்தூரும் வேறு வேறு. இவ்வளவு மலிவான சீட்டு கையில் இருந்தும் அதன் பயன் ஒருவரோடு நின்றது. வட்டாரச் சுற்றுலாப் பாஸ் ஒன்று அன்று இருந்து, அதில் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் விதி இருந்திருந்தால் இது வேறுவிதமாக அமைந்திருக்கும். ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் மாதச் சீட்டு வைத்திருப்பவர் வார இறுதியில் குடும்பத்தினரையும் உடன் அழைத்துச் செல்லலாம் என்ற விதி உண்டு. இந்தியச் சீசனில் அப்படி ஒன்று எக்காலத்திலும் எழுதப்படவில்லை.

இந்தப் பிரிவைக் குறைத்தது படிப்பு. மாணவர்களுக்குச் சீசன் பாதி விலை. 2000களின் ரயில்வே வரவுசெலவுத் திட்டங்களில், வீட்டுக்கும் கல்விக்கூடத்துக்கும் இடையே பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரையிலும் ஆண்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் இரண்டாம் வகுப்புச் சீசன் இலவசம் என்றானது. காரமடையிலிருந்து கோவைக் கல்லூரிக்குப் போன பெண், தன் தாய்க்குக் கிடைக்காத ஒன்றைப் பெற்றாள். வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் தோழிகளோடு டவுன் ஹால் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். வீட்டில் காசு கேட்க வேண்டியதில்லை. இதைச் சுற்றுலா என்று எந்தத் துறையும் கணக்கெடுப்பதில்லை.

மிக ஏழைகளுக்கென்று 2009 ஆகஸ்டில் ‘இஸ்ஸத்’ சீசன் வந்தது. மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்தபோது அறிவித்தது. மாத வருமானம் 1,500 ரூபாய்க்கு மிகாதவர், 100 கிலோமீட்டர் வரை, மாதம் 25 ரூபாய். 2012இல் தூரம் 150 கிலோமீட்டராக உயர்ந்தது. இஸ்ஸத் என்றால் மானம், மரியாதை. நல்ல பெயர்தான். ஆனால் 1,500 ரூபாய் வருமான வரம்பு கோவை வட்டாரக் கூலிக்கு அப்போதே மிகக் குறைவு. தினக்கூலிக்குப் போகிறவர் மாதத்தில் சில நாள் வேலை செய்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடுவார். உண்மையான வருமானத்தைச் சொல்லி இந்தச் சீட்டைப் பெற்றிருக்கக் கூடியவர்கள் இப்பகுதியில் சொற்பமாகவே இருந்திருப்பார்கள்.

பேருந்து என்ற போட்டி

கொங்கு நாடு அடிப்படையில் பேருந்து நாடு. ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பேருந்தை ஓட்டத் தொடங்கியதிலிருந்து, இங்கே சாலைப் போக்குவரத்து ரயிலை விட்டு வேகமாக வளர்ந்தது. மேட்டுப்பாளையம் சாலையிலும் நிமிடத்துக்கொரு பேருந்து என்று சொல்லுமளவுக்கு வண்டிகள் ஓடுகின்றன. ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். பேருந்து கைகாட்டினால் நிற்கும். கட்டணம் ரயிலில்தான் குறைவு. நேரத்தைப் பணமாக எண்ணுபவர் பேருந்திலும், பணத்தைப் பணமாகவே எண்ணுபவர் ரயிலிலும் போனார்கள்.

2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை அறிவித்தபோது கணக்கு தலைகீழானது. விடியல் பயணம் என்று இப்போது பெயர். நெடுங்காலம் ரயில் சீட்டு வாங்க யோசித்த அதே பெண்களுக்கு, சீசனும் இல்லாமல் சீட்டும் இல்லாமல் நகரப் பேருந்தில் செலவில்லாப் பயணம் கிடைத்தது. பேரூருக்கும் மருதமலை அடிவாரத்துக்கும்கூட அப்படியே போகலாம். ரயில் சீசனால் எட்ட முடியாத இடங்கள் அவை. ஆணின் பெயரில் சீசனும் பெண்ணுக்குக் கட்டணமில்லாப் பேருந்தும் என்று, ஒரே வீட்டில் இருவர் இரு வழியாகப் போய்க் கோனியம்மன் கோயில் வாசலில் சந்தித்துக்கொள்ளும் சிக்கனமும் சாத்தியமானது.

பத்து ரூபாய் முப்பதான நான்கு ஆண்டுகள்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் பயணிகள் வண்டிகள் அனைத்தும் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது பாசஞ்சர் வண்டிகள் ‘சிறப்பு விரைவு வண்டி’ என்ற பெயரில் ஓடின. வண்டி அதே வண்டி, நிறுத்தம் அதே நிறுத்தம், வேகமும் அதேதான். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. காரமடையிலிருந்து கோவைக்குப் போய்வர 20 ரூபாய் கொடுத்தவர் 60 கொடுக்க வேண்டியதாயிற்று. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நாள் ரயில் செலவு 80 ரூபாயிலிருந்து 240 ஆனது. அந்தக் காசுக்குப் பேருந்திலேயே போய்விடலாம் என்று பலர் ரயிலைக் கைவிட்டார்கள்.

இங்கேதான் சீசன் சீட்டின் விசித்திரம் வெளிப்பட்டது. இரண்டாம் வகுப்புச் சீசன் விலையில் சாதாரண வண்டி, விரைவு வண்டி என்ற வேறுபாடு கிடையாது. எனவே ஒற்றைச் சீட்டு மூன்று மடங்கானபோதும் சீசன் விலை ஏறவில்லை. முன்பு ஒன்பது பத்து முறை போய்வந்தால் இலாபம் என்றிருந்தது, மூன்று நான்கு முறை என்று இறங்கியது. சீசன் மீண்டும் வழங்கப்பட்ட பிறகு, வாரத்துக்கு ஒருமுறை கோவைக்குப் போகிறவருக்கும் அது இலாபமானது. சுற்றிப் பார்ப்பவர் தமக்கென்றே சீசன் எடுத்தாலும் நட்டமில்லை என்ற நிலை இப்பாதையின் வரலாற்றில் வந்தது அந்தக் காலத்தில் மட்டும்தான். அதைக் கவனித்து எடுத்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். கவுண்டரில் 30 ரூபாய் கேட்டவுடன் திரும்பிப் போனவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். 2024 பிப்ரவரி இறுதியில் பழைய 10 ரூபாய்க் கட்டணம் திரும்பியது; சீசன் மீண்டும் வேலைக்குப் போகிறவரின் சீட்டானது. 2025 ஜூலையில் நெடுந்தூரக் கட்டணங்கள் சற்று உயர்ந்தபோது சீசன் விலையில் கை வைக்கவில்லை.

சுற்றிப் பார்ப்பவருக்கான சீட்டுகள்

சுற்றிப் பார்ப்பவருக்கென்று இந்திய ரயில்வே எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ‘இண்ட்ரெயில் பாஸ்’ என்ற ஒன்று பல பத்தாண்டுகள் இருந்தது. அரை நாளிலிருந்து 90 நாள் வரை நாடு முழுவதும் பயணம் செய்யலாம். ஆனால் வெளிநாட்டவருக்கும் வெளிநாடு வாழ் இந்தியருக்கும் மட்டும். விலையும் வெளிநாட்டுப் பணத்தில். 2017இல் அது நிறுத்தப்பட்டது. உள்நாட்டவருக்கு இருப்பது சுற்றுப்பயணச் சீட்டு. ஓர் ஊரில் தொடங்கி வேறு தடம் வழியாக அதே ஊருக்குத் திரும்புவதாக ஒரே சீட்டு. வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து இரு ஒற்றைப் பயணங்களாகக் கட்டணம் போடுவதால், தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான விலை குறையும். ஈரோடு, திருச்சி, மதுரை, பழனி, பொள்ளாச்சி என்று சுற்றிவர நினைக்கும் கோவைக்காரருக்கு ஏற்ற சீட்டு. ஆனால் அப்படி ஒன்று இருப்பதைக் கவுண்டரில் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். மும்பைப் புறநகர் ரயில்களில் 1, 3, 5 நாள் சுற்றுலாச் சீட்டுகள் உண்டு. சென்னை மெட்ரோ 100 ரூபாய்க்கு ஒருநாள் சுற்றுலா அட்டை வழங்கியது. இரண்டும் பெருநகரங்களுக்கு உள்ளே.

வெளியே பார்த்தால், 1959இல் வந்த யூரெயில் பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கானது. 1972இல் வந்த இன்டர்ரெயில் 21 வயதுக்குட்பட்ட ஐரோப்பிய இளைஞருக்காகத் தொடங்கியது. காரமடைச் சீசனுக்கு உறவு என்று சொல்லத்தக்கது ஜப்பானின் ‘செய்ஷுன் 18’ சீட்டு. 1982இல் வந்தது. விரைவு வண்டிகளில் செல்லாது. ஊருக்கு ஊர் நின்று போகும் மெதுவான வண்டிகளில் மட்டும், மாணவர் விடுமுறைக் காலங்களில் நாடு முழுவதும் சுற்றலாம். காலியாக ஓடும் வண்டிகளை விடுமுறையில் நிரப்ப வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. ஜெர்மனியில் 2023 மே முதல் 49 யூரோ மாதச் சீட்டில் எல்லா வட்டார ரயில்களிலும் நகரப் பேருந்துகளிலும் போகலாம் என்றானது. விலை பின்னர் ஏறியது. ரயிலையும் பேருந்தையும் ஒரே சீட்டில் சேர்த்ததுதான் அதன் பலம். கோவையில் ரயில் மத்திய அரசிடம், பேருந்து மாநில அரசிடம், சீட்டும் இரண்டு.

காரமடைக்கு ஜப்பானியச் சீட்டின் பாடமே நெருக்கமானது. இப்பாதையின் அட்டவணை வேலைநாள் பயணிக்காக வகுக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுங்காலம் எல்லா வண்டிகளும் ஓடவில்லை; ஞாயிறும் ஓட்ட வேண்டும் என்பது பயணிகளின் நெடுநாள் கோரிக்கையாக இருந்தது. ஊர் பார்க்க நேரமுள்ள ஒரே நாளில் வண்டி குறைவு என்றால், சீசன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது நகரத்தைக் காட்டாது.

இப்போது சீசனைப் புதுப்பிக்கக் கவுண்டர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கைப்பேசிச் செயலியிலேயே எடுக்கலாம். அதிலும் சீட்டு ஒருவர் பெயருக்குத்தான் வருகிறது.